ஆளுக்கொரு மான்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருங்காட்சியகத்தில் இப்போது துணிப் பிரிவுக்கென்று ஒரு பெரிய குளிர்பெட்டி வாங்கியிருக்கிறார்களாம். பழைய கம்பளத்தை பிளாஸ்டிக் உறையில் சுற்றி உள்ளே வைத்துவிட்டால் பூச்சி, புழு, முட்டை எல்லாம் செத்துப்போகுமாம். அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் பெரம்பூரில் என் வீடு தேடி வந்து சொன்னார்கள். "வேப்பிலையையும் வசம்பையும் வெச்சிக்கிட்டு எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று அதில் ஒரு பெண் சிரித்தாள். நல்ல பெண், வேலையில் அக்கறை உள்ளவள். சீனத்துச் சேணக் கம்பளங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது, எழுதிக் கொடுங்கள் என்று அவள்தான் கேட்டாள்.

எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் ஆயுசில் நான் கையாண்ட நல்ல கம்பளங்களைப் பூச்சி அழிக்கவில்லை. பூச்சிக்கு அன்றைக்கும் மருந்து இருந்தது. நியாயம் பேச உட்கார்ந்த மனுஷர்களுக்குத்தான் எந்த மருந்தும் இல்லை.

என் நைனா, அதாவது அப்பா, திருப்பதியில் ஜட்கா ஓட்டினார். ரயிலை விட்டு இறங்கும் யாத்திரீகர்களை ஏற்றி அலிபிரியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிடுவது பிழைப்பு. எங்களுக்குக் கழனி காணி என்று எதுவும் கிடையாது. வண்டியும் குதிரையும்தான் சொத்து. குதிரை முதுகில் புண் வந்துவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் சேணத்தடியில் வைக்கும் திண்டைப் பிரித்து, பஞ்சு மாற்றி, முதுகுக்குத் தகுந்தபடி திரும்பத் தைக்கும் வேலையை நான் வயிற்றுக்காகவே கற்றுக்கொண்டேன்.

அப்படித் தைத்துக்கொண்டிருந்த ஒருநாள்தான் டாக்டர் முனிரத்தினம் என்னைப் பார்த்தார். மாட்டு டாக்டர். சண்டைக் காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் கோவேறு கழுதைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். நகரிப் பக்கம் விவசாயக் குடும்பம். வேலையை விட்ட பிறகு சித்தூரில் கட்டமஞ்சி ஏரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். ஜட்காக் குதிரைகளைப் பார்க்க அவ்வப்போது திருப்பதிக்கு வருவார். நான் தைத்த திண்டைக் கையில் வாங்கி, திருப்பி, தையலை நகத்தால் நெருடினார். நைனாவைப் பார்த்து, "இவன என்கூட அனுப்பு. குதிரை இல்லாத சேணம் நிறைய கீது எங்கிட்ட" என்றார். நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு போடுவார் என்பது மட்டும் புரிந்தது. நான் சித்தூருக்குப் போனேன்.

குதிரை இல்லாத சேணம் என்று அவர் சொன்னது கம்பளங்களைத்தான். பர்மா எல்லையில் சீனத்துக் கழுதைக்காரன் ஒருவனுடைய கழுதையை டாக்டர் பிழைக்கவைத்திருக்கிறார். அவன் கொடுக்க வேறு எதுவும் இல்லாமல் கழுதை முதுகில் இருந்த கம்பளத்தை உருவிக் கொடுத்திருக்கிறான். அதில் பிடித்தது பைத்தியம். அப்புறம் கல்கத்தாவில் ஒரு வியாபாரியைப் பிடித்து, கடிதத்துக்குமேல் கடிதம் போட்டு, ஒவ்வொன்றாக வரவழைத்தார். சீட்டாடவில்லை, குடிக்கவில்லை, ஓர் ஏக்கர் நிலம் கூடுதலாக வாங்கவில்லை. எல்லாம் கம்பளம்தான். ஊரில் அவரைக் 'குதிரை ஜமக்காளம் டாக்டர்' என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

சேணக் கம்பளம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சேணத்துக்கு அடியில் குதிரை முதுகில் விரிக்கிற சின்னக் கம்பளம் அது. ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அளவு. கம்பளத்தில் முடிச்சுப் போட்ட கம்பளி முடி ஒரே பக்கமாகத்தான் சாயும். முழுசாக ஒரே துண்டாக நெய்தால், குதிரைமேல் போடும்போது ஒரு பக்கம் முடி கீழ்நோக்கியும் மறுபக்கம் மேல்நோக்கியும் நிற்கும். மழை பெய்தால் ஒரு பக்கம் தண்ணீர் வழிந்துவிடும், மறுபக்கம் உள்ளே இறங்கிவிடும். அதனால் நல்ல நெசவுக்காரன் இரண்டு பாதியாக நெய்வான். இரண்டையும் தலைப்போடு தலைப்பு வைத்து நடுவில் தைப்பான். குதிரையின் முதுகெலும்புமேல் அந்தத் தையல் உட்காரும். அங்கிருந்து இரண்டு பக்கமும் முடி கீழ்நோக்கிச் சாயும். இந்த நடுத்தையலை மறந்துவிடாதீர்கள். நான் சொல்லப்போகிற கதை அதில்தான் இருக்கிறது.

கல்கத்தாவிலிருந்து பார்சல் வந்தால் டாக்டர் செய்வதெல்லாம் ஒரு பூசை மாதிரி ஒழுங்காக இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார். கண் பொய் சொல்லும் என்பார். முதலில் முகர்வார். பழைய குதிரை வேர்வை கம்பளியை விட்டு எளிதில் போகாது. பிறகு உள்ளங்கையை நடுத்தையலில் வைத்து இரண்டு பக்கமும் கீழே தடவுவார். அதன்பிறகு திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பார். கடைசியாக, சேணத்து வார் நுழைகிற துவாரங்கள். உண்மையான கம்பளத்தில் அந்தத் துவாரத்தை நெய்யும்போதே விட்டிருப்பான், ஓரம் கட்டியிருக்கும், தோல் வைத்துத் தைத்திருக்கும். போலியில் கத்தியால் கீறியிருப்பான், நூல் வெட்டுப்பட்டு நிற்கும். "சூடு, சூடு" என்பார். தெலுங்கில் 'பார், பார்' என்று அர்த்தம். அவருக்கு ஆத்திரம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் தெலுங்குதான் வரும்.

நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. கம்பளம் நல்லதாக இருந்தால், "காபி கொண்டாரச் சொல்லு" என்பார். மட்டமாக இருந்தால் பேசாமல் அவரே சுருட்ட ஆரம்பித்துவிடுவார். என் வேலையும் அப்படித்தான். காபி வந்தால் பிழைத்தேன்.

ஒருமுறை அந்தக் கல்கத்தா வியாபாரியே மலைக்குச் சாமி கும்பிட வந்து, திருப்பதியில் ஒரு சத்திரத்தில் தங்கி, தான் கொண்டுவந்த கம்பளங்களைப் பார்க்க வருமாறு ஆள் அனுப்பினான். மொட்டை அடித்து, சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிவப்பாக ஒன்றை விரித்து அரண்மனைச் சாமான் என்று சாதித்தான். டாக்டர் துவாரத்தில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். சுருட்டத் தொடங்கினார். மொட்டைத்தலை ஏழுமலையான்மேல் சத்தியம் செய்தது. "இப்பத்தான் முடி குடுத்துட்டு வந்த. அதுக்குள்ள புதுசா ஏன் பாவம் சேத்துக்கினு கீற?" என்றார் டாக்டர். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனே சிரித்துவிட்டான். பிறகு மூட்டையின் அடியிலிருந்து ஒரு நீலக் கம்பளத்தை எடுத்துப் போட்டான்.

அவுரி நீலம். இரண்டு பாதியிலும் ஒவ்வொரு மான். நடுத்தையலைப் பார்த்துத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மான்கள். குதிரைமேல் போட்டால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தரையில் விரித்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். டாக்டர் முகர்ந்தார், தடவினார், திருப்பினார், துவாரத்தைப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகும் அதன்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நீட்டினேன், வாங்கவில்லை. "செங்கல்ராயா, காபி" என்றார். சத்திரத்தில் காபிக்கு எங்கே போவது? ஓடினேன்.

அவரிடம் வேலை செய்த காலம்தான் என் படிப்பு. காலை வெயிலில் விரித்து முதுகுப் பக்கம் பிரம்பால் மெதுவாகத் தட்டுவது, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்த துணியால் முடி சாய்ந்த பக்கமாகவே துடைப்பது, மூங்கிலில் சுற்றும்போது முடி மடங்காமல் சுற்றுவது, மடிப்பில் வசம்புப் பொட்டலம் வைப்பது. வெயிலில் அதிக நேரம் விட்டால் பல்லைக் கடிப்பார். "தோலு மாதிரி இல்லடா கம்பளி, வெயில்ல கருக்காது, வெளுக்கும்" என்பார். அவுரி நீலம் வெளுத்துவிட்டால் திரும்ப வராது.

அந்த வருஷங்களில்தான் ஆந்திரா தனியாகப் பிரிந்து, சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களெல்லாம் கொதித்தன. எந்த ஊர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்குப் பெயர்ப்பலகையில் தார் பூசுவார்கள், நாளைக்கு அதைச் சுரண்டி வேறு எழுதுவார்கள். டாக்டருக்குக் கட்சியும் கிடையாது, கோஷமும் கிடையாது. ஆனால் ஒரு கவலை வந்தது. தனக்குப் பிறகு கம்பளங்களை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், பிரிக்காமல் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எந்த சர்க்காருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பிறந்த ஊர் நகரிப் பக்கம், வீடு சித்தூர், இளைய மகன் இருந்தது திருத்தணி. எந்த ஊர் எந்த மாநிலம் என்றே முடிவாகவில்லை.

"எல்லை முடியட்டும்டா. நம்ம ஊரு எங்க போவுதோ அந்த சர்க்காருக்கே குடுத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் சரி என்றேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. யாரோ எங்கேயோ பேசி ஒரு கோடு போடுவார்கள் என்று காத்திருந்தவருக்கு அதற்கு முன்னாலேயே மூச்சு முடிந்துவிட்டது. நுரையீரல் நோய். கடைசி வாரத்தில் கம்பளங்கள் இருந்த மாடிக்கு வர முடியாமல், மான் கம்பளத்தை மட்டும் கீழே கொண்டுவரச் சொல்லிக் காலடியில் விரித்திருந்தார். "பிரிக்க உடாத செங்கல்ராயா" என்றார். தெலுங்கில் சொல்லவில்லை. தமிழில்தான் சொன்னார்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் லோகநாதன் சித்தூரில் அரசாங்க உத்தியோகம். இளையவர் கஜேந்திரன் திருத்தணியில் அரிசி மண்டி. அம்மா முன்பே போய்விட்டார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அப்பா உயிரோடு இருந்தவரை அந்தக் கம்பளங்களை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள். செத்த பிறகு அது நைனா ஆசையாகச் சேர்த்தது ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் வேண்டும்.

காரியம் முடிந்ததும் பங்கு பிரிக்க ஊரிலிருந்து ஏகாம்பரம் வந்தார். டாக்டருக்குப் பெரியப்பா மகன், ஊரில் பெரியதனம். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எல்லைத் தகராறு அவரையும் அவசரப்படுத்தியது. "கோடு போட்டுட்டான்னா உன் கோர்ட்டு வேற, அவன் கோர்ட்டு வேற. அப்பறம் ஜென்மத்துக்கும் தீராது. இன்னிக்கே முடிச்சிடணும்" என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். அவர் சொன்ன ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருந்தது.

கம்பளங்களை எல்லாம் கூடத்தில் விரிக்கச் சொன்னார்கள். விரித்தேன். ஊர்ப் பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நான் ஓடிப்போய் எச்சில் படிக்கம் கொண்டுவந்து வைத்தேன்.

ஆளுக்குச் சரிபாதி என்று எண்ணிப் பிரிக்கப் பார்த்தார்கள். எது ஒசத்தி எது மட்டம் என்று சண்டை வந்தது. சீட்டுப் போடலாம் என்றார் ஒருவர். மான் கம்பளம் சீட்டில் யாருக்குப் போனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். "நைனா கால் மாட்டுல கடைசியா கெடந்தது அது. மூத்தவன் நானு" என்றார் லோகநாதன். "ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சது யாரு? மூத்தவனா?" என்றார் கஜேந்திரன். நான் வாயைத் திறந்தேன். பிரிக்காமல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "யார்கிட்ட சொன்னாரு? உங்கிட்டயா?" என்று கேட்டார் லோகநாதன். அதில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே ஆச்சரியம்.

ஏகாம்பரம் அதுவரை மான் கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அதைத் தூக்கி முதுகுப் பக்கத்தைத் திருப்பினார். நடுத்தையல் தெரிந்தது.

"அடேய், இது ரெண்டு துண்டுடா! நடுவுல தெச்சிக்கீது."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம கழனிய எப்டிப் பிரிச்சோம்? மேட்டுக் கழனி ஒருத்தனுக்கு, பள்ளக் கழனி ஒருத்தனுக்குன்னு குடுத்தமா? மேட்டுலயும் பாதி, பள்ளத்துலயும் பாதி. கெணத்துலயும் பாதி. அப்பத்தான் ஒருத்தன் வாயில ஒருத்தன் மண்ணு போட முடியாது. இதுக்கும் அதே நியாயம். எல்லாத்தையும் நடுவுல பிரி. ஆளுக்கொரு மான். வம்பே இல்ல."

கூடத்தில் எல்லாருடைய முகமும் தெளிந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் பாதியாக்கி, பாதியைக் காலாக்கி, கடைசியில் ஏர் திரும்ப இடமில்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள். அதை நியாயம் என்று நம்புகிறவர்கள் கண்ணில் ஒரு தையல் பட்டால் என்ன ஆகும்? குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்குக்காவது பூமாலைமேல் ஆசை கிடையாது. இவர்களுக்கு ஆசை இருந்தது.

நான் கெஞ்சினேன். "ஐயா, ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் அது கம்பளம். பிரிச்சா வெறும் மிதியடிதான்" என்றேன். "மிதியடின்னா மிதிச்சிக்கிறோம், உனுக்கு இன்னா?" என்றார் ஒரு பெரியவர், சிரித்துக்கொண்டே. என்னால் முடியாது என்றேன். லோகநாதன் வருத்தத்தோடு சொன்னார்: "நீ பிரிக்கலன்னா போ. கடைத்தெருவுல செருப்புத் தைக்கிறவர் கீறார். ஊசி கத்தி எல்லாம் வெச்சிருப்பாரு."

செருப்புத் தைக்கிற உளியின் வாய் எனக்குத் தெரியும். அது தையலோடு நிற்காது, நெசவுக்குள் இறங்கும். தையலைப் பிரித்தால் திரும்பத் தைக்கலாம். நெசவு அறுந்தால் கடவுளே வந்தாலும் முடியாது. நான் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் நானே பிரித்தேன், ஒவ்வொரு தையல் கண்ணாக, ஊசிமுனையால் நூலைத் தூக்கித் தூக்கி. ஒவ்வொரு பாதியின் ஓரத்திலும் மூத்தவருக்குச் சிவப்பு நூல், இளையவருக்கு வெள்ளை நூல் என்று ஒரு முடிச்சுப் போட்டேன். என்றைக்காவது சேர்க்கும்போது எது எதோடு என்று தெரியவேண்டும் என்று நினைத்தேன். அதைச் செய்ததற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அன்று அந்தக் கூடத்தில் அந்தக் கம்பளங்களைக் காப்பாற்றப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

கொஞ்ச காலத்தில் கோடும் போட்டார்கள். திருத்தணி மதராஸுக்கு வந்தது. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. கஜேந்திரனின் பாதிகள் மாட்டுவண்டியில் இந்தப் பக்கம் வந்துவிட்டன, லோகநாதனின் பாதிகள் அந்தப் பக்கம். எனக்கு இரண்டு பக்கமும் வேலை இல்லை. மதராஸில் ஒரு அருங்காட்சியகத்தில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, தையல் தெரிந்தவன் என்பதால் துணிப் பிரிவுக்குப் போய், அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். அந்த உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கிருந்தோ வந்த அந்நியக் கம்பளங்களைக் கண்ணாடிக்குள் பத்திரமாக வைத்தேன், அவ்வளவுதான்.

நடுவில் லீவு போட்டு அடிக்கடி சித்தூருக்கும் திருத்தணிக்கும் போவேன். கஜேந்திரன் வீட்டில் ஒரு பாதி மண்டியில் கணக்குப்பிள்ளை உட்காரும் இடத்தில் கிடந்தது. இன்னொன்று நாய்க்கு. லோகநாதன் வீட்டில் மச்சில் போட்டு வைத்ததைக் கரையான் தின்றது. ஒவ்வொருமுறை போகும்போதும் ஒன்று குறையும். "பூச்சி துன்னுட்டுது செங்கல்ராயா, இன்னா பண்றது?" என்பார்கள், ஏதோ விதைநெல்லைப் பற்றிச் சொல்வது மாதிரி. கடைசியில் இரண்டு பக்கமும் உருப்படியாக மிஞ்சியது மான் கம்பளம் ஒன்றுதான். அதன்மேல் இரண்டு பேருக்கும் பிரியம். லோகநாதன் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். கஜேந்திரன் தன் வீட்டுக் கூடத்தில், சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார். தினமும் கண்ணில் படவேண்டுமாம். சன்னலை மூடுங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். காற்று வேண்டாமா என்றார்.

அந்த ஒன்றையாவது சேர்த்துவிட வேண்டும் என்று நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்கூட அவ்வளவு அலையமாட்டான். திருப்பதியில் ஒரு காட்சிசாலைக்காரர் ஒத்துக்கொண்டார். ஜில்லாவின் பழம்பொருள்களுக்கு ஒரு கூடம் ஒதுக்குகிறோம், கம்பளத்தை முழுசாகக் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, டாக்டர் பெயரைப் பலகையில் எழுதுகிறோம், கொடுத்த மகன்களின் பெயரையும் கீழே எழுதுகிறோம் என்றார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சரி என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டர் கேட்டதில் ஒரு துளியையாவது செய்து முடித்துவிடலாம் என்று நம்பினேன்.

கஜேந்திரன் தன் பாதியை முதல்நாளே சித்தூர் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் போய் உட்கார்ந்து தைத்தேன். பழைய தையல் கண்களிலேயே ஊசியை விட்டேன். ஒரு கண்கூடத் தப்பவில்லை. திருப்பிப் போட்டு, நடுத்தையலில் கை வைத்து இரண்டு பக்கமும் தடவினேன். முடி அழகாக இறங்கியது. எழுந்து நின்று பார்த்தேன்.

ஒரு மான் கரு நீலத்தில் நின்றது. இன்னொரு மான் வெளுத்துப்போன துணியில் நின்றது. பெட்டியில் இருந்தது அப்படியே இருந்தது, சன்னலுக்கு எதிரே இருந்தது சாயம் போயிருந்தது. எனக்கு அது ஆச்சரியமில்லை. காட்சிசாலைக்காரருக்கும் சொல்லி வைத்திருந்தேன். பரவாயில்லை என்றிருந்தார்.

கஜேந்திரன் வந்து பார்த்தார். முகம் மாறியது.

"என்னுது எங்க?"

"இதுதாங்க. வெள்ளை நூல் முடிச்சு கீது பாருங்க" என்றேன்.

"டேய், நான் தினம் பாத்துக்கினு கீறவன். எங்க வீட்ல இருந்தது இவ்ளோ வெளுப்பா இல்ல. நல்ல நீலம். அந்தாண்ட கீது பாரு, அதுதான் என்னுது. ராவோட ராவா நூலை மாத்திக் கட்டிட்டீங்க."

தினம் பார்க்கிறவன் கண்ணுக்கு வெளுப்பது தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. தன் வீட்டுச் சுவரில் இருந்தது கடைசிவரை நீலமாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். லோகநாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "பொட்டியில வெச்சிப் பூட்டிக் காப்பாத்துனவன் நானு. என்னத் திருடன்றியா? ஒன்னும் குடுக்க வேணாம். பிரிடா செங்கல்ராயா. என்னுது எனக்கு வோணும்." "உன்னுது அந்த வெளுத்தது" என்றார் கஜேந்திரன். நாளைக் காலையில் காட்சிசாலைக்காரர் வண்டியோடு வருகிறார், இரண்டும் ஒரே பெட்டிக்குள்தானே போகப்போகிறது, எது யாருடையதாக இருந்தால் என்ன என்று கத்தினேன். அவர்கள் காதில் விழவில்லை. ஒருவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்கிற எண்ணம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆளுக்கு மோட்சமே கொடுத்தாலும் வேண்டாம்.

ஏகாம்பரத்தை அழைத்துவந்தார்கள். கூன் விழுந்து, தடி ஊன்றி வந்தார். பழுத்துப்போயிருந்தார். இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். என்னையும் கேட்டார். நூல் முடிச்சைக் காட்டினேன். "நூலு யாரு வேணா கட்டலாம்பா" என்றார். கம்பளத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகத்தில் பழைய தெளிவு வந்தது.

"ரெண்டு பேரும் கருப்ப கேக்கறீங்க. வெளுப்ப ரெண்டு பேருமே வோணான்றீங்க. அப்ப கருப்புலயும் பாதி, வெளுப்புலயும் பாதி. அவ்ளோதானே?"

அண்ணனும் தம்பியும் தலையாட்டினார்கள்.

இந்தமுறை பிரிக்கத் தையல் இல்லை. நான் கம்பளத்தின்மேல் விழுந்து கையை விரித்துக்கொண்டேன். வயசானவன் என்றுகூடப் பார்க்காமல் கஜேந்திரனோடு வந்திருந்த மண்டி ஆள் என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தான். மரியாதையாகத்தான் உட்காரவைத்தான். எதிர் வீட்டுத் தையற்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் டேப்பை வைத்து அளந்தார், சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். கோடு இரண்டு மானின் வயிற்றிலும் போனது. நேராகப் போட்டார். வேலை தெரிந்தவர்.

நான் அழுதேன். சத்தம்போட்டே அழுதேன். அவர்கள் அப்பன் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. ஏகாம்பரம் தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்து, முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"அழுவாதடா செங்கல்ராயா. யாருக்கும் ஒரு கொறையும் இல்லாம சரிசமமா பிரிச்சாச்சு."

"டாக்டர் பங்கு எதுங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை அவருக்கு.

"செத்தவனுக்கு ஏதுடா பங்கு?"